கணிப்பொறி விழித்தெழும் நேரம்

எத்துணை வல்ல கழைக்கூத்தாடியும் தன் தோளின் மீது தானே ஏறி நிற்றல் இயலாது. கணிப்பொறியோ நாள்தோறும் அவ்வருஞ்செயலைச் செய்தாக வேண்டியிருக்கிறது. ஆணைகள் இன்றி அது இயங்காது. ஆணைகளை உள்ளே ஏற்றுவதற்கும் ஓர் ஆணை வேண்டும். அந்த முதலாணை எங்கிருந்து வருவது? இவ்வினாவுக்கு அறிஞர்கள் காலந்தோறும் கண்ட விடைகளே, விசையை அழுத்திய கணத்திற்கும் பொறி பணிக்கு ஆயத்தமாகும் கணத்திற்கும் இடையிலுள்ள நேரத்தின் வரலாறாகும்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1949 மே 6 அன்று முதன்முதல் இயங்கிய எட்சாக் என்னும் பொறியில், தொலைபேசி நிலையங்களில் வழங்கிய சுழல்விசைகளில் 31 ஆணைகள் நிலையாகப் பிணைக்கப்பட்டிருந்தன. பொத்தானை அழுத்தியதும் அவை நினைவகத்தில் சென்றமர்ந்து, துளையிட்ட தாள் நாடாவிலிருந்து ஏனைய ஆணைகளைப் படித்தன. டேவிட் வீலர் என்னும் இளம் ஆராய்ச்சியாளர் வகுத்த வழி இது. ஆயினும் இவ்வசதி எல்லாப் பொறிகளுக்கும் கிட்டவில்லை. 1975-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஆல்டேர் 8800 என்னும் சிறு பொறியின் உரிமையாளர், முகப்பிலுள்ள விசைகளை மேலும் கீழுமாகத் தள்ளி, முதலாணைகளைத் தம் கையாலேயே ஒவ்வொன்றாகப் புகுத்த வேண்டியிருந்தது. மின்சாரம் நின்றால் அவ்வளவும் மறைந்துபோகும்.

இத்துன்பத்தை நீக்கியது, அழியாத நினைவகச் சில்லு. 1981-இல் பிரிட்டனில் வெளிவந்த பி.பி.சி. மைக்ரோவில் இயங்குதளமும் பேசிக் மொழியும் சில்லுகளிலேயே பதிந்திருந்தன. விசையைத் தட்டியதும் ஓர் ஒலி எழும். ஓரிரு நொடிகளில் பொறி ஆயத்தம். இந்திய அரசு 1984-இல் தொடங்கிய பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தில் நம் மாணவர் பலர் முதன்முதல் தொட்டுப் பார்த்த கணிப்பொறி இதுவே.

ஆனால் சில்லில் பதிந்ததை மாற்றுதல் எளிதன்று. இயங்குதளம் பெருகப் பெருக அது வட்டுக்குக் குடிபெயர்ந்தது. காத்திருப்பும் உடன் வந்தது. 1983-இல் மேக்கின்டாஷ் உருவாகிக்கொண்டிருந்தபோது, ஸ்டீவ் ஜாப்ஸ் பொறியாளர் லாரி கென்யனிடம் தொடக்க நேரத்தில் 10 நொடியைக் குறைக்குமாறு வேண்டினார். அவர் காட்டிய கணக்கு சிந்தனைக்குரியது. 50 இலட்சம் பேர் நாளுக்கு ஒருமுறை பொறியைத் தொடங்கினால், மிச்சமாவது 5 கோடி நொடி. அதாவது 578 நாட்களுக்கு மேல். ஓராண்டில் அது 578 ஆண்டுகளாகும். எழுபது வயது வாழும் எண்மரின் முழு வாழ்நாள் அது!

வட்டின் தாமதத்திற்குக் காரணம் அதன் அசைவே. நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் வட்டில், படிக்கும் முனை சிதறிய இடங்களை நாடி நொடிக்கு ஏறத்தாழ நூறு முறையே செல்ல இயலும். ஆகவே, 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி, முந்தைய தொடக்கங்களில் எவ்வெவை வேண்டப்பட்டன எனக் குறித்துவைத்து, அவற்றை முன்கூட்டியே வரிசையாகப் படித்துக்கொண்டது. அதன் இலக்கு 30 நொடி. இருபது ஆண்டு மூத்த பள்ளிக்கூடப் பொறி அதனினும் விரைந்து எழுந்தது என்பது வியப்பன்று. அது சுமந்த பாரம் அத்துணைச் சிறியது.

பாரத்தைக் குறைத்தல் கூடுமோ என்பதற்கு 2008-இல் விடை கிடைத்தது. அர்யன் வான் டெ வென், ஆக்கெ காக் என்னும் இருவர், ஈ பிசி என்ற மலிவான மடிக்கணினியில் லினக்ஸை 5 நொடியில் எழச் செய்தனர். கருவகத்திற்கு 1 நொடி, முதற்கட்டப் பணிகளுக்கு 1 நொடி, திரைக்கு 1 நொடி, மேசைத்தளத்திற்கு 2 நொடி என, சிக்கனமான குடும்பத் தலைவி வருவாயைப் பங்கிடுவது போல் அவர்கள் நேரத்தைப் பங்கிட்டனர். பின்னர், அசையும் உறுப்பற்ற திடநிலைச் சேமிப்பகம் பரவியதும், இவ்விரைவு எல்லார்க்கும் எளிதாயிற்று.

ஒப்பிடுவோர் ஒன்றை மறத்தலாகாது. 2012-இல் வந்த விண்டோஸ் 8, அணைக்கும்போதே தன் கருவகத்தின் நிலையைச் சேமித்து வைத்து, மறுநாள் அதையே மீட்டெடுக்கிறது. முழுமையாகப் பிறத்தலும் துயில் நீங்கி எழுதலும் ஒன்றாகா. எனினும் காத்திருக்கும் மனிதனுக்கு இரண்டும் ஒரே நேரமே. அவனுடைய நொடிகள் எண்ணி அளிக்கப்பட்டவை என்பதைப் பொறியை ஆக்குவோர் உணர்ந்தபோதெல்லாம், பொறி விரைந்து விழித்திருக்கிறது.