ட்ரங்குப் பெட்டிக்குள் கிடக்கும் நாவல்

துரை பங்களாவுக்கு இரண்டு வாசல். முன்வாசலில் ரோஜாப் பாத்தியும் கார் நிற்கும் இடமும் இருக்கும். பின்வாசலில் குசினியும் விறகுக் கொட்டிலும் சமையற்கார அப்புவின் அறையும். இலங்கையின் தேயிலை மலைகளைக் களமாக்கி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட குடும்ப மர்ம நாவல்கள் முன்வாசல் வழியாகத்தான் உள்ளே போகின்றன. மர்மத்தின் விடை தெரிந்த ஆள் மட்டும் பின்வாசலில் நிற்கிறார்.

2015இல் வெளிவந்து பிரித்தானியாவில் பெரும் விற்பனை கண்ட டைனா ஜெஃப்ரீஸின் ‘தி டீ பிளான்டர்ஸ் வைஃப்’ இதற்கு நல்ல உதாரணம். 1925இல் பத்தொன்பது வயதுப் பெண்ணாக இலங்கை வந்திறங்கும் குவென், தோட்டத்துரை லாரன்ஸின் மனைவி. அவளுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறக்கின்றன. ஒன்று வெள்ளை, மற்றது கறுப்பு. தன் மீதே சந்தேகம் கொண்டு நடுங்கும் தாய், கறுத்த பெண்குழந்தையை ஆயாவின் துணையோடு பக்கத்துக் கிராமத்தில் ஒளித்துவைக்கிறாள். பல வருட வேதனைக்குப் பிறகுதான் உண்மை வெளிவருகிறது. அந்தக் கறுப்பு அவளால் வந்ததல்ல. கணவனின் பரம்பரையிலேயே முன்பொரு தலைமுறையில் இந்நாட்டு ரத்தம் கலந்திருக்கிறது.

கதை விறுவிறுப்பாகத்தான் போகிறது. குவெனின் பயமும் நம்மைத் தொடுகிறது. ஆனாலும் நம்மூர் வாசகருக்கு ஓரிடத்தில் நெஞ்சு இடறும். நிஜத்தில் இந்தக் கதை பெரும்பாலும் தலைகீழாக நடந்தது. ஒளிக்கப்பட்ட பிள்ளைகளுக்குத் துரைமார் தகப்பன்களாக இருந்தார்கள். தாய்மார் தொழிலாளர் லயத்திலோ அடுத்த சிங்களக் கிராமத்திலோ இருந்தார்கள். அப்படிப் பிறந்து கைவிடப்பட்ட பிள்ளைகளுக்காகவே நுவரெலியாவில் ஆர்தர் பெயின்டர் பாதிரியாரும் அவருடைய சிங்கள மனைவியும் இல்லம் நடத்தினார்கள். ஓவியர் டேவிட் பெயின்டர் அவர்களுடைய மகன். இந்தியத் தேயிலை மலைகளிலும் இதே கதைதான். 1900இல் ஸ்கொட்லாந்துப் பாதிரியார் கிரஹாம் காலிம்போங்கில் தொடங்கிய இல்லத்திலிருந்து, 1908க்கும் 1938க்கும் இடையில் ஏறக்குறைய 130 பேர் நியூசிலாந்துக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். தங்கள் கொள்ளுப்பாட்டி யார் என்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் தேடத் தொடங்கியது வெகு பிந்தித்தான். தேடியவர்களுக்குத் தகப்பன் வழியில் விலாசம் கிடைத்தது. தாய் வழியில் பல இடங்களில் ஒற்றைப் பெயர்தான் எஞ்சியது, சில இடங்களில் அதுவும் இல்லை.

மிஷெல் டி க்ரெட்ஸர் எழுதிய ‘தி ஹமில்டன் கேஸ்’ (2003) இன்னும் நுட்பமான நாவல். கொழும்பில் பிறந்து ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தவர் அவர். ஹமில்டன் என்ற வெள்ளைத் தோட்டக்காரர் கொல்லப்படுகிறார். பழி முதலில் தமிழ்க் கூலிகள் மேல் விழுகிறது. ஒபேசேகர என்ற சிங்கள மேட்டுக்குடி வழக்கறிஞர் துப்புத்துலக்கி, குற்றவாளி இன்னொரு வெள்ளைக்காரர்தான் என்கிறார். அதிலிருந்து அவருடைய வாழ்வும் சரிகிறது. அவர் குடும்பத்துக்குள் புதைந்துகிடக்கும் ஒரு குழந்தையின் மரணம் இந்தக் கொலையைவிடப் பெரிய மர்மமாக வளர்கிறது. துப்பறிவதையே கேள்விக்குள்ளாக்கும் இந்த நாவல் எனக்குப் பிடித்தமானது. ஆனால் பழி சுமந்த கூலிகள் அதில் சில பக்கங்களில் வந்து மறைகிறார்கள்.

அவர்களைப் போன்றவர்களுக்கு நிஜத்தில் என்ன நேர்ந்தது என்பது புசல்லாவைக்காரர்களுக்குத் தெரியும். 1941இல் ஸ்டெலன்பேர்க் தோட்டத்துரை போப் கொல்லப்பட்டார். அதற்காகத் தோட்டத் தொழிலாளிகளான வீராசாமியும் வேலாயுதமும் தூக்கிலிடப்பட்டார்கள். துரைமாரின் குடும்பக் கதைகளை எழுத நாவலாசிரியர்கள் வந்தார்கள். தூக்குமேடை ஏறிய இருவரின் வீடுகளில் அதற்குப் பிறகு எந்தக் கதை சொல்லப்பட்டது, எது சொல்லாமல் விழுங்கப்பட்டது என்று எழுத, நான் அறிய, இன்னும் யாரும் உட்காரவில்லை.

தலைமுறைக் கதை நம்மிடம் இல்லாமல் இல்லை. 1964இல் வந்த கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’, ஊரை விட்டுப் புறப்பட்டவர்களை லயத்துக் காம்பரா வரை கொண்டுவந்து, அவர்கள் வழிவந்தவர்களையும் பின்தொடர்ந்தது. ஆனால் அதில் துயரம் எல்லாம் வெளிச்சத்தில் நடக்கிறது. ஒளிந்திருப்பதைத் தேடும் நாவல் தமிழில் இன்னும் வரவேண்டும். அதற்கான தடயங்கள் நம் வீடுகளிலேயே கிடக்கின்றன.

லயத்துக் குடும்பம் தன் பூர்வீகத்தை விரும்பியா துப்பறிந்தது? சட்டம் துப்பறிய வைத்தது. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரான நம்மை வெளியே நிறுத்தியது. 1949ஆம் ஆண்டுச் சட்டம், 1946க்கு முந்திய வசிப்பைக் காட்டு என்றது. மணமானவருக்கு ஏழு வருடம், மணமாகாதவருக்குப் பத்து. கையெழுத்துப் போடத் தெரியாத மனிதர், தோட்டத்துப் பெயர்ப் பதிவேடான செக்ரோலில் தன் பெயர் எந்த வருடம் ஏறியது என்று கிளாக்கரின் ஜன்னலடியில் நின்று கேட்க வேண்டியிருந்தது. பிறகு 1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மிஞ்சிய 1,50,000 பேரைப் பத்து வருடம் கழித்துச் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். அண்ணனுக்கு ஒரு நாடு, தம்பிக்கு ஒரு நாடு. ஹட்டன் ஸ்டேஷனில் தலைமன்னாருக்குப் புறப்பட்டவர்களை ஏற்றிய ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் அழுகைக் கோச்சி.

எங்கள் வீட்டு ட்ரங்குப் பெட்டியின் பூட்டு எப்போதோ போய்விட்டது, கறுப்புக் கயிறு போட்டுக் கட்டியிருக்கும். மேலே கலியாணச் சேலை, அதன் மடிப்பில் வேப்பிலைச் சருகு. அடியில் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய கட்டு. அதில் அப்பாயியைப் பற்றி இரண்டு காகிதங்கள் இருக்கின்றன. ஒன்று பிறப்புப் பதிவின் நகல். மற்றது இந்தியாவுக்கு விண்ணப்பித்த காலத்தில் எழுதியது. ஊதா மை பரவிப்போன எழுத்து. இரண்டிலும் அவருடைய பெயர் ஒன்றுதான். வயதில் நான்கு வருடம் வித்தியாசம். அதைக் கிளாக்கரின் கைப்பிழை என்று தள்ளிவிடலாம். தகப்பன் பெயர் என்ற இடத்தில் இரண்டு வெவ்வேறு மனிதர்கள் இருக்கிறார்கள். அதை எப்படித் தள்ளுவது?

அப்பாயி முப்பது வருடம் பங்களாவில் ஆயாவாக இருந்தவர். எந்தத் துரைசானி எதற்கு அழுதாள், எந்தச் சின்னத்துரை ராத்திரியில் எங்கே போனார் என்றெல்லாம் அடுப்படியில் உட்கார்ந்து சிரித்துச் சிரித்துச் சொல்வார். ஒருநாள் அந்த இரண்டு காகிதங்களையும் அவர் முன்னால் விரித்துவைத்தேன். எழுத்துத் தெரியாது அவருக்கு. ஆனால் எதைக் கேட்கிறேன் என்று உடனே தெரிந்துகொண்டார். ஊதா மைப் பக்கத்தை மட்டும் கையிலெடுத்து, மடிப்புக் கலையாமல் பழையபடி மடித்தார்.

“அது எங்க ஆத்தாளோட கதை சாமி. அவ எங்கிட்டச் சொல்லல. நானும் கேக்கல.”

பிறகு எழுந்துபோய்த் தேத்தண்ணிக்கு உலை வைத்தார்.