மேம்பாலத்தடியில் சதுரங்கம்: 5.1-ம் அட்மாஸும்

கொல்கத்தாவின் கரியாஹாட் சந்திப்பில், மேம்பாலத்துக்கு அடியில் உட்கார்ந்து சதுரங்கம் ஆடுகிறார்கள். தலைக்கு மேலே வண்டிகள் ஓடுகின்றன. இருபுறமும் நடைபாதை வியாபாரிகளின் கூவல். நடுவே, பலகையில் காய் விழும் சின்னச் சத்தம். சரவுண்ட் ஒலியை எடைபோட இதைவிட நல்ல காட்சி எனக்குத் தெரியவில்லை.

5.1 என்ற சரவுண்ட் அமைப்பில் திரைக்குப் பின்னால் இடம், நடு, வலம் என்று மூன்று வழி; அரங்கச் சுவர்களில் இரண்டு; சுமார் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழான உறுமலுக்கு அந்தப் '.1'. தியேட்டரின் இடப்பக்கம் எத்தனை சரவுண்ட் ஸ்பீக்கர் மாட்டியிருந்தாலும் அத்தனையும் ஒரே ஒலியைத்தான் தரும். கடைவீதி இரைச்சலுக்கு இது கச்சிதம். கூட்டத்தின் சத்தம் ஒரு புள்ளியிலிருந்தா வருகிறது? ஆனால் சந்திப்பைக் கடக்கும் ஒரு டிராமின் மணியைச் சரவுண்டுக்கு அனுப்பினால் சுவர் முழுக்க மணி அடிக்கும். மேம்பால வண்டிகளோ பக்கத்துத் தெருவில் ஓடுவதுபோல் இருக்கும்.

2012-ல் வந்த டால்பி அட்மாஸ் இந்த இரண்டு குறைகளையும் சரிசெய்கிறது. தியேட்டரில் 128 டிராக் வரை, 64 ஸ்பீக்கர் வரை. ஒலி எங்கே இருக்க வேண்டும் என்ற குறிப்பும் கூடவே போகிறது. அதை எந்த ஸ்பீக்கரில் தருவது என்று அந்தந்த அரங்கின் கருவி முடிவுசெய்யும். டிராம் ஸ்பீக்கர் ஸ்பீக்கராக நகரும். பாலத்தின் இணைப்பில் சக்கரம் ஏறி இறங்கும் 'டடக்' கூரையிலிருந்தே விழும். அதே ஆண்டு நம் 'சிவாஜி 3டி' இந்தியாவின் முதல் அட்மாஸ் படமாக வந்தது.

ஆனால் அந்தச் சதுரங்கக் காய்? இரண்டிலும் அது நடு ஸ்பீக்கரில்தான். அதைக் கேட்க வைப்பது ஸ்பீக்கரின் எண்ணிக்கை அல்ல, மிக்ஸ் செய்பவரின் கை. காய் விழுவதற்குச் சற்று முன்பே கூவலைத் தணிக்க வேண்டும். மரத்தின் 'டக்' இருக்கும் மேல் அலைவரிசையில் வாகன இரைச்சலைச் செதுக்க வேண்டும். ஹாரன் எதுவும் அதன்மேல் விழாமல் நகர்த்த வேண்டும். பார்வையாளர் தலையைத் திருப்பும்படி பின்னாலிருந்து ஒரு மணி அடித்தால் ஆட்டமே கைவிட்டுப் போய்விடும். இதற்கு ஓர் உதாரணம்: கொல்கத்தாவில் நடக்கும் 'ஆஷா ஜாவார் மாஜே' (2014) ஏறக்குறைய வசனமே இல்லாத படம். அதன் ஒலி வடிவமைப்புக்காக அனிஷ் ஜான் தேசிய விருது பெற்றார். எதை ஒலிக்கவிடுவது என்ற தேர்வுதான் அங்கே கதை சொல்கிறது.

அதனால் இந்தக் காட்சியை அட்மாஸில் செய்தாலும் முதலில் 5.1-லேயே காயைக் கேட்க வைத்துவிடுவேன். கூரையைப் பிறகு திறப்பேன். இன்னொன்றும் உண்டு. பலர் இதைக் கைபேசியில் பார்ப்பார்கள். ஸ்டீரியோவாகச் சுருக்கும்போது '.1' பெரும்பாலும் கழன்றுவிடும். லாரியின் உறுமலை அதில் மட்டும் வைத்தவர்களின் மேம்பாலம் அங்கே காணாமல் போகும். அதனால் அந்த உறுமலை முதன்மை டிராக்குகளிலும் கொஞ்சம் விட்டுவைக்க வேண்டும்.