கை கழுவும் பழக்கம் (குழந்தைகள்)

கை கழுவுதல் என்பது இரு கைகளையும் சோப்புப் போட்டுத் தேய்த்து, ஓடும் நீரில் அலசுவது. குழந்தைகளிடம் வயிற்றுப்போக்கு, குடற்புழு, சளிக்காய்ச்சல் ஆகியவற்றைக் குறைக்கும் வழிகளில் இதைவிட மலிவானது அரிது.

கைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்புக்குக் கீரிப்பூச்சி என்னும் குடற்புழு நல்ல சான்று. பெண்புழு இரவில் ஆசனவாயைச் சுற்றி முட்டையிடும். அரிப்பெடுத்துக் குழந்தை சொறியும். முட்டைகள் நகக்கண்ணில் ஒட்டிக்கொண்டு, விரல் சூப்பும்போதோ முறுக்கு தின்னும்போதோ வாய்க்குள் போகும். பூச்சி மாத்திரை உள்ளே இருக்கும் புழுவைக் கொல்லுமே தவிர, அடுத்து நுழையும் முட்டையைத் தடுக்காது. இந்தியாவில் 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் 1 முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்கு அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரை வழங்கப்படுகிறது. மாத்திரையோடு நகம் வெட்டுவதும் கை கழுவுவதும் சேர்ந்தால்தான் பலன் நிலைக்கும்.

கையால் உண்ணும் நம் வீடுகளில் ஒரு வேடிக்கை உண்டு. சாப்பிட்ட பின் கை கழுவ யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. குழம்பின் பிசுபிசுப்பே குழந்தையைக் குழாயடிக்கு அனுப்பிவிடும். சாப்பிடும் முன்போ வலக்கை விரல் நுனியை நனைப்பதோடு சரி. கிருமி கண்ணுக்குத் தெரியாது என்பதால், கவனிக்க வேண்டியது இந்த முந்தைய கழுவலைத்தான். மலம் கழித்த பின் கழுவுவதும் இதே அளவு முக்கியம்.

சோப்பு மூலக்கூற்றின் ஒரு முனை நீரையும் மறுமுனை கொழுப்பையும் பற்றும். அதனால் எண்ணெய்ப் பிசுக்கோடு கிருமியும் பெயர்ந்து நீரோடு போகிறது. வெந்நீர் தேவையில்லை. உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் என்று 20 நொடியாவது தேய்க்க வேண்டும். எண்ணத் தெரியாத பிள்ளைக்கு அவ்வளவு நேரம் ஓடும் ஒரு பாட்டு போதும். மண் அப்பிய கையில் சானிடைசர் சரியாக வேலை செய்யாது.

அதட்டுவதால் இப்பழக்கம் வருவதில்லை. குழாய் எட்டாத குழந்தைக்கு ஒரு முக்காலி, கைக்கெட்டும் இடத்தில் சோப்பு, கூடவே நின்று கழுவும் பெரியவர் ஆகிய மூன்றும் அறிவுரையைவிட விரைவாகப் பழக்கிவிடும். பள்ளிகளில் ஒரே குழாயின் முன் நூறு பிள்ளைகள் வரிசையில் நின்றால் எந்தப் பாடமும் எடுபடாது. இப்பழக்கத்தை வலியுறுத்தி 2008 முதல் ஆண்டுதோறும் அக்டோபர் 15 உலகக் கை கழுவும் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.