கேம் மாத்தினா டேப்பெட் ஏன் சாகுது? சோழவரத்துல இருந்து ஒரு இன்ஜின் வரலாறு

இன்னைக்கு எபிசோட் ஒரு சத்தத்தைப் பத்தினது. டக், டக், டக். புல்லட் வெச்சிருக்கிறவங்களுக்கு இது நல்லாவே தெரியும். பெர்ஃபார்மன்ஸ் கேம் போட்டு சில நூறு கிலோமீட்டர்தான் ஓடியிருக்கும், சத்தம் ஆரம்பிக்குது. பிரிச்சுப் பார்த்தா கேமோட மேடு மழுங்கியிருக்கு, டேப்பெட்டோட அடிப்பக்கம் குழி விழுந்திருக்கு. உடனே பழி மெக்கானிக் மேல விழும். பணம் யார் தர்றதுன்னு சண்டை. ஆனா இந்தக் கோளாறுக்கு எழுபது வருஷ வரலாறு இருக்கு. அதுல பாதி நம்ம திருவள்ளூர் பக்கத்துல நடந்தது.

முதல்ல அடிப்படை. கேம் ஷாஃப்ட் சுத்தும்போது அதோட மேடு டேப்பெட்டைத் தூக்கும். டேப்பெட் புஷ் ராடைத் தள்ளும், புஷ் ராட் ராக்கரைத் தள்ளும், ராக்கர் வால்வைத் திறக்கும். மூடுறது ஸ்பிரிங்கோட வேலை. இன்ஜின் 5,000 ஆர்பிஎம்ல ஓடினா கேம் அதுல பாதி, 2,500 சுத்து. அதாவது ஒரு வால்வு ஒரு நொடிக்கு நாப்பது தடவைக்கு மேல திறந்து மூடுது. பெர்ஃபார்மன்ஸ் கேம் என்ன பண்ணும்? வால்வை இன்னும் உயரமா, இன்னும் அதிக நேரம் திறந்து வைக்கும். அதிக காத்து, அதிக பவர்.

இப்போ 1955-க்குப் போவோம். மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தோட ரெட்டிச் ஊர்ல இருந்த ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கினாங்க. ஃபேக்டரி திருவொற்றியூர்ல. அப்போ அது செங்கல்பட்டு மாவட்டம். 1997-ல திருவள்ளூர் மாவட்டம் பிரிஞ்சப்போ இந்தப் பக்கம் வந்தது, 2018-ல சென்னை மாவட்டத்துக்குப் போயிடுச்சு. அங்க தயாரான புல்லட்ல இருந்தது சாதா இரும்பு டேப்பெட். அதை செட் பண்ண கேஜ் கூட வேண்டாம். இன்ஜின் ஆறியிருக்கணும், பிஸ்டன் கம்ப்ரெஷன்ல மேல இருக்கணும். புஷ் ராட் மேல கீழ ஆடக்கூடாது, ஆனா ரெண்டு விரலால சுத்தினா சுத்தணும். அவ்வளவுதான். அந்த அளவு மெக்கானிக்கோட விரல் நுனியில இருந்தது.

அதே காலத்துல, ஜி.என்.டி. ரோட்டுல கும்மிடிப்பூண்டி போற வழியில, சோழவரத்துல ரேஸ் சூடு பிடிச்சது. அது இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம். 1953-ல தொடங்கின மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கதான் பல வருஷம் ரேஸ் நடத்தினாங்க. 1990-ல இருங்காட்டுக்கோட்டை டிராக் வர்ற வரைக்கும் தென்னிந்திய ரேஸ் ரசிகர்களுக்குப் பெரிய பேரு சோழவரம்தான். கோவை கரிவரதன் மாதிரி, வண்டியைத் தானே பிரிச்சு டியூன் பண்ணி ஓட்டினவங்களோட களம் அது.

அந்தக் காலத்துல கையில இருந்த கார் என்ன? பம்பாய்ல செஞ்ச ஃபியட் 1100, கல்கத்தா பக்கம் உத்தர்பாராவுல செஞ்ச அம்பாசடர், மெட்ராஸ்லயே செஞ்ச ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. மூணுமே புஷ் ராட் இன்ஜின், மூணுலயும் தட்டையான டேப்பெட். இறக்குமதிக்கு ஏகப்பட்ட கட்டுப்பாடு. வெளிநாட்டு ரேஸ் கேம் சுலபமா கிடைக்காதுன்னா வழி ரெண்டுதான். ஒண்ணு, மேட்டுல வெல்டிங்ல உலோகம் ஏத்தி புது வடிவத்துக்கு கிரைண்ட் பண்றது. இன்னொண்ணு, மேட்டை விட்டுட்டு அதைச் சுத்தியிருக்கிற வட்டத்தைக் குறைக்கிறது. பள்ளம் ஆழமானா மேடு உயரமாத் தெரியும் இல்லையா, அதே கணக்கு.

சிக்கல் இங்கதான் ஆரம்பிக்குது. கேமோட மேல்தோல்தான் கடினம். பல கேம்கள்ல அந்தக் கடினம் ரொம்ப மெல்லிய அடுக்கு. கிரைண்டர் அதைத் தாண்டி உள்ள போனா மிருதுவான இரும்பு வெளிய வந்துடும். ரேஸுக்குன்னு கனமான ஸ்பிரிங் போட்டா, அந்த அழுத்தம் முழுக்க கேமும் டேப்பெட்டும் உரசுற சின்ன இடத்துல விழும். அப்புறம் தேய்மானம் கிலோமீட்டர் கணக்குல இல்ல, நிமிஷக் கணக்குல. (யெஸ்டி மாதிரி டூ ஸ்ட்ரோக் ஓட்டினவங்களுக்கு இந்தக் கவலையே இல்ல. அதுல கேமும் இல்ல, வால்வும் இல்ல.)

இன்னொரு நுணுக்கம். பல கார் இன்ஜின்கள்ல தட்டை டேப்பெட் உண்மையில முழுத் தட்டை இல்ல, நடுவுல லேசா எழும்பியிருக்கும். கேம் மேடும் லேசா சரிவா இருக்கும். அதனால டேப்பெட் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சுத்திக்கிட்டே இருக்கும், தேய்மானம் பரவலாகும். சுத்துறது நின்னா ஒரே இடத்துல உரசி குழி விழும். பழைய டேப்பெட் பழைய கேமோட பழகித் தேஞ்சது. அதைப் புது கேம் மேல வெச்சா சுத்தாது. அதனாலதான் தட்டை டேப்பெட் இன்ஜின்ல கேம் மாத்தினா டேப்பெட்டையும் மாத்தணும்னு விதி. முதல் தடவை ஸ்டார்ட் பண்ணினதும் ஐடிலிங்ல விடாம சுமார் 2,000 ஆர்பிஎம்ல இருபது நிமிஷம் ஓட்டணும்னு அமெரிக்க வி8 பட்டறைகள்ல சொல்றதும் இதுக்குத்தான். அந்த இன்ஜின்கள்ல கேமுக்கு எண்ணெய் பெரும்பாலும் கிராங்க் சுத்தித் தெளிக்கிறதுதான். மெதுவா ஓடினா தெளிப்பு போதாது.

எண்ணெய்க்கும் ஒரு வரலாறு இருக்கு. உலோகம் உலோகத்தோட உரசாம காப்பாத்துறது ஆயில்ல இருக்கிற ஜிங்க், பாஸ்பரஸ் கலவை. ஆனா பாஸ்பரஸ் சைலன்சர்ல இருக்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். காத்து சுத்தமாகணும்னு அமெரிக்காவோட ஏ.பி.ஐ. தரத்துல அளவைக் குறைச்சுக்கிட்டே வந்தாங்க. 2004-ல வந்த எஸ்.எம். தரத்துல, 30 கிரேட் மாதிரி மெல்லிய ஆயில்களுக்கு உச்சவரம்பு 0.08 சதவீதம். புது இன்ஜின்களுக்குப் பிரச்சினை இல்ல. பழைய தட்டை டேப்பெட்டும் கனமான ஸ்பிரிங்கும் வெச்சிருந்தவங்க புலம்ப ஆரம்பிச்சாங்க. நம்ம நுரையீரலுக்கு நல்லது செஞ்ச மாற்றம், பழைய கேமுக்குக் கெட்டதாச்சு.

திரும்ப திருவொற்றியூருக்கு வருவோம். புகை விதிகள் இறுகிக்கிட்டே வந்தது. 2008-ல தண்டர்பேர்ட் ட்வின்ஸ்பார்க், 2009-ல கிளாசிக்னு புது இன்ஜின் வந்தது. அதுல ஹைட்ராலிக் டேப்பெட். உள்ள ஒரு குட்டி பிஸ்டன், அதுக்குக் கீழ எண்ணெய். இடைவெளியைத் தானே நிரப்பிக்கும். செட்டிங்கே வேண்டாம். ஓட்டுறவங்களுக்கு நிம்மதி, ஆனா விரலால புஷ் ராட் சுத்திப் பார்க்கிற பழக்கமும் அதோட போச்சு.

இந்த இன்ஜின்ல வட்டம் குறைச்ச கேமைப் போட்டா என்ன ஆகும்? டேப்பெட் கொஞ்சம் கீழ இறங்கி உக்காரும். புஷ் ராட் அதே நீளம். உள்ள இருக்கிற குட்டி பிஸ்டன் அமுங்க வேண்டிய தூரம் பொதுவா ஒரு மில்லிமீட்டருக்குள்ளதான். வட்டத்துல ஒரு மில்லிமீட்டர் போனாலே அந்த அமுக்கம் காணாமப் போயிடும். அப்புறம் டக் டக். பழைய இன்ஜின்ல ஸ்க்ரூவைத் திருப்பி சரி பண்ணலாம். இதுல ஸ்க்ரூ கிடையாது, நீளம் மாத்துற புஷ் ராட்தான் போடணும். அதை அளந்து செட் பண்ண, கைவிட்ட அந்த விரல் வித்தையே திரும்பவும் வேணும்.

சாஃப்ட்வேர்ல ஒரு லைப்ரரியை மட்டும் அப்டேட் பண்ணிட்டு, அதை நம்பியிருக்கிற மத்ததை மறந்த கதைதான் இது. கேம், டேப்பெட், ஸ்பிரிங், புஷ் ராட், ஆயில் அஞ்சும் ஒரே செட்.

அதனால ஜி.பி. ரோட்டுல கேம் விலை கேக்கும்போது கூடவே நாலு கேள்வி கேளுங்க. இது புது கேமா, கிரைண்ட் பண்ணினதா? வட்டம் எவ்வளவு குறைஞ்சிருக்கு? புது டேப்பெட் கூட வருதா? எந்த ஸ்பிரிங்குக்கு? பதில் தெரிஞ்ச கடையில வாங்குங்க. முக்கியமா, புது டேப்பெட் வேணும்னு மெக்கானிக் சொன்னா, பில்லை ஏத்துறார்னு நினைக்காதீங்க. அவர் உங்க இன்ஜினைக் காப்பாத்தப் பாக்குறார். தேஞ்ச கேமோட இரும்புத் தூள் ஆயில்ல கலந்து பம்ப், பேரிங் வரைக்கும் போகும். அப்போ செலவு டேப்பெட்டோட நிக்காது.

இப்போ வர்ற 350, 650 ராயல் என்ஃபீல்டுகள்ல கேம் மேல, ஹெட்லயே உக்காந்திருக்கு. புஷ் ராடும் ஹைட்ராலிக் டேப்பெட்டும் போயிடுச்சு. ஸ்க்ரூ செட்டிங் திரும்ப வந்திருக்கு. அந்தக் கதையை இன்னொரு எபிசோட்ல பேசுவோம். உங்க வண்டி டக் டக்னு பேசினா, அது என்ன சொல்லுதுன்னு கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்க.