நடுவர் என்ன சொல்வார்?

மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ரோல்பிளேயிங் ஆட்டங்களில் கேம் மாஸ்டர் என்று ஒருவர் இருப்பார். ஓர் உலகத்தைச் சொல்வது அவர் வேலை. அதற்குள் நான் என்ன செய்கிறேன் என்று சொல்வது மற்றவர்கள் வேலை. "கதவை உடைக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் பிரச்சினை இல்லை. பகடையை உருட்டு என்று சொல்லிவிடலாம், புத்தகத்தில் அதற்கு விதி இருக்கிறது. "எதுக்கு மச்சி உடைக்கணும், கீலைக் கழட்டிடறேன்" என்று சொன்னால்? கீலைப் பற்றிப் புத்தகத்தில் ஒரு வரி கிடையாது. மேஜையே நம் முகத்தைப் பார்க்கும். சில வருடங்களாக நண்பர்களுக்கு ஆட்டம் நடத்துகிறேன். எனக்கு இந்த ஆட்டத்தின் மொத்த வரலாறும் அந்த ஒரு நொடியின் வரலாறாகத்தான் தெரிகிறது.

அந்த நொடி பிறந்தது ராணுவத்தில். 1824இல் பிரஷ்யாவின் இளம் பீரங்கிப்படை அதிகாரி ரைஸ்விட்ஸ், தன் அப்பா தொடங்கிவைத்த ஒரு போர் விளையாட்டைச் செப்பனிட்டு வெளியிட்டார். பெயர் க்ரீக்ஸ்ஷ்பீல். உண்மையான நிலவரைபடம், சின்னச் சின்னப் படைத் துண்டுகள், பகடை, சேத அட்டவணைகள். ஆனால் இதுல விசேஷம் நடுவர்தான். ஆடுபவர்கள் காய்களைத் தொடுவதில்லை. கட்டளையை எழுதி நடுவரிடம் கொடுப்பார்கள். அவர் நகர்த்துவார், அவரவர் கண்ணுக்கு எது தெரியுமோ அதை மட்டும் காட்டுவார். சதுரங்கத்தில் எதிராளியின் குதிரை எங்கே நிற்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். இங்கே அந்த மலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது நடுவருக்கு மட்டும்தான் தெரியும்.

விதிகள் நாளாக நாளாகப் பெருத்தன. அதிகாரிகளுக்கு அலுத்துவிட்டது. 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற தளபதி, பகடையும் வேண்டாம் அட்டவணையும் வேண்டாம், அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பு போதும் என்று ஒரு புத்தகமே எழுதினார். சுதந்திர க்ரீக்ஸ்ஷ்பீல் என்று அதற்குப் பெயர் வந்தது. இன்றைக்கும் விதி பெரிதா, நடுவர் பெரிதா என்று விடிய விடியச் சண்டை போடுகிறோமே, அதன் வேர் இங்கே இருக்கிறது. கேட்க அழகான யோசனைதான். ஒரு சிக்கலும் உண்டு. ராணுவத்தில் நடுவராக உட்காருபவர் பெரும்பாலும் மேலதிகாரி. அவர் தீர்ப்பு தப்பு என்று லெப்டினன்ட் எப்படிச் சொல்வான்?

1942 மே மாதம், யமாட்டோ போர்க்கப்பலில் ஜப்பானியக் கடற்படை மிட்வே தாக்குதலை மேஜைமேல் ஆடிப் பார்த்தது. அமெரிக்க விமானங்கள் குண்டு போட வருகின்றன. நடுவர் பகடையை உருட்டுகிறார். ஒன்பது குண்டுகள் பட்டன, அகாகி, காகா என்ற இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்களும் மூழ்கின. தலைமை வகித்த அட்மிரல் உகாகி குறுக்கிட்டார். ஒன்பது இல்லை, மூன்று. அகாகிக்கு லேசான சேதம்தான். காகா மட்டும் மூழ்கட்டும். பிறகு அடுத்த கட்ட ஆட்டத்தில் காகாவும் எழுந்து வந்துவிட்டது. கடற்படை விமானி ஃபுசிதா போருக்குப் பின் எழுதிய நூலில் இதைச் சொல்கிறார். அடுத்த மாதம் நடந்த நிஜப் போரில் அகாகி, காகா உட்பட நான்கு விமானந்தாங்கிகள் மூழ்கின. பகடைக்குத் தீர்க்கதரிசனம் என்று நான் சொல்லவில்லை. பிடிக்காத விடையை அழிக்கும் அதிகாரம் மேஜையின் தலைமாட்டில் இருந்தது, அவ்வளவுதான்.

இதே நடுவர் பாரம்பரியம் அமெரிக்காவில் வேறு விதமாக முளைத்தது. மினசோட்டாவில் போர்விளையாட்டுப் பித்துப்பிடித்த ஒரு இளைஞர் கூட்டம். அதில் டேவிட் வெஸ்லி என்பவர், சார்ல்ஸ் டாட்டன் 1880இல் எழுதிய ஸ்ட்ராடகோஸ் என்ற ராணுவ நூலைத் தோண்டி எடுத்தார். ஆடுபவர் எதை வேண்டுமானாலும் முயலலாம், முடியுமா என்று நடுவர் சொல்வார். அதிலிருந்து வெஸ்லி பிடித்துக்கொண்டது இதைத்தான்.

1969இல் அவர் பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஊரை உருவாக்கினார். இரண்டு பேர் படைத் தளபதிகள். எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் வருவார்களே, அவர்களுக்கு என்ன கொடுப்பது? ஊர் மேயர், வங்கி முதலாளி, பல்கலைக்கழகத் தலைவர் என்று ஆளுக்கொரு வேடம். ஒவ்வொருவராகத் தனி அறைக்குக் கூப்பிட்டுப் பேசுவது அவர் திட்டம். வெளியே காத்திருந்தவர்கள் சும்மா இருப்பார்களா? தங்களுக்குள்ளேயே ரகசியம் பேசி, பேரம் பேசி, சதி செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். இருவர் வந்து, நாங்கள் ஒண்டிக்கு ஒண்டி துப்பாக்கிச் சண்டை போடுகிறோம் என்று நின்றார்கள். அதற்கு விதியே இல்லை. வெஸ்லி அங்கேயே ஏதோ ஒன்றைக் கட்டி ஒப்பேற்றினார். போர் நடக்கவே இல்லை. ஆட்டம் படுதோல்வி என்று அவர் நினைத்துக்கொண்டிருக்க, வந்தவர்கள் அடுத்தது எப்போ என்று கேட்டார்கள்.

பின்னால் ஒரு லத்தீன் அமெரிக்கக் குட்டி நாட்டை வைத்து ஆடியபோது, டேவ் ஆர்னசனுக்குக் கிடைத்தது துண்டுப்பிரசுரம் கொடுக்கும் மாணவப் புரட்சிக்காரன் வேடம். மனுஷன் வீட்டிலேயே போலி சிஐஏ அடையாள அட்டை ஒன்று தயார் செய்து கொண்டுவந்திருந்தார். நான்தான் ரகசிய ஏஜென்ட் என்று மற்றவர்களை நம்பவைத்து, பாதுகாத்துத் தருகிறேன் என்று நாட்டின் கஜானாவையே வாங்கிக்கொண்டு ஹெலிகாப்டரில் கிளம்பினார். போகிற போக்கில் துண்டுப்பிரசுரங்களை மேலிருந்து கொட்டினார் என்று சொல்வார்கள். சட்டப்படி பார்த்தால் இது ஏமாற்று. வெஸ்லி தடுக்கவில்லை. 1974இல் இந்த ஆர்னசனும் கேரி கைகாக்ஸும் சேர்ந்துதான் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், இஷ்டப்படி மாற்றிக்கொள்ளுங்கள் என்ற தொனியில் முதல் பெட்டியை விற்ற கைகாக்ஸே சில வருடங்களில், விதியை மாற்றி ஆடினால் அது எங்கள் ஆட்டமே அல்ல என்று எழுதினார். ஆட்டம் சரக்காகிவிட்டால் அப்படித்தான் போலிருக்கிறது.

ராணுவம் மட்டும் பழைய பழக்கத்தை விடவில்லை. 2002இல் மில்லெனியம் சேலஞ்ச் என்று 25 கோடி டாலர் செலவில் ஒரு போர்ப் பயிற்சி. எதிரி நாட்டை நடத்தியவர் ஓய்வுபெற்ற மரைன் தளபதி பால் வான் ரைப்பர். அவருடைய தகவல் தொடர்பை அமெரிக்கத் தரப்பு முடக்கியது. அவர் மோட்டார் சைக்கிளில் ஆள் அனுப்பினார். விமானங்களுக்கு விளக்கால் சைகை காட்டினார். ஏவுகணை மழையும் சின்னப் படகுகளுமாகப் பாய்ந்து கணக்கில் 16 கப்பல்களை மூழ்கடித்தார். உடனே கப்பல்களை மிதக்கவைத்தார்கள். அடுத்த சுற்றில் உன் ரேடாரை வெளியே தெரியும்படி வை என்றெல்லாம் உத்தரவு வந்தது. அவர் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார்.

நடுவர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. ஆயிரக்கணக்கானவர்கள் பயிற்சிக்கு வந்திருக்கிறார்கள், முதல் சில நாட்களிலேயே ஆட்டம் முடிந்தது என்று வீட்டுக்கு அனுப்ப முடியாது. மிதக்கவைத்ததில் எனக்குக் கோபமில்லை. அடுத்த சுற்றில் அவர் கையைக் கட்டிப்போட்டதுதான் அநியாயம்.

அதற்காக எல்லாக் குறும்புக்கும் தலையாட்ட வேண்டும் என்றில்லை. டி அண்ட் டி ஆட்களிடையே புகழ்பெற்ற ஒரு தந்திரம்: ஆயிரக்கணக்கான கிராமத்தாரை வரிசையாக நிறுத்தி, ஒரு கம்பைக் கைமாற்றச் சொல்வது. விதிப்படி ஒரு சுற்று ஆறு நொடி. எத்தனை பேர் இருந்தாலும் கம்பு அந்த ஆறு நொடிக்குள் கடைசி ஆளிடம் போய்விடும். அப்படியானால் அதன் வேகம் பீரங்கிக் குண்டைவிட அதிகம், ராட்சசனும் காலி என்பது வாதம். கைமாற்றும்வரை விதிப்புத்தகம் பேசும், எறியும்போது மட்டும் இயற்பியல் பேசும். 2024இல் வந்த கேம் மாஸ்டர் கையேடு, விதிகள் இயற்பியல் அல்ல என்று சொல்லியே இதை ஓரங்கட்டிவிட்டது.

என் மேஜையில் ஒருத்தி இதைக் கொண்டுவந்தபோது, "சரி, கம்பு போயிடுச்சு. கடைசி ஆள் சாதாரண விவசாயி, அவர் எறிஞ்சா எவ்வளவு அடிபடுமோ அவ்வளவுதான்" என்றேன். பகடையை உருட்டினாள். ராட்சசனுக்கு மூக்கில் சிராய்ப்பு. அடுத்த சுற்றில் அவள் கம்பை விட்டுவிட்டு, இத்தனை ஆயிரம் பேரும் ஒரே நேரத்தில் கத்தினால் அது பயப்படுமா என்று கேட்டாள். அதற்கும் விதி இல்லை.