கல்யாண வீடியோவின் பிரிவியூ தியேட்டர்

கோடம்பாக்கத்தில் ஒரு படம் தயாரானதும் முதலில் பிரிவியூ தியேட்டரில் போட்டுப் பார்ப்பார்கள். ரசிகர் பார்க்கப்போகும் அதே அளவில், அதே இருட்டில் பார்த்தால்தான் குறை தெரியும். அரியலூர் மாவட்டத்தின் வரதராஜன்பேட்டை போன்ற பேரூராட்சிகளில் எடுக்கப்படும் கல்யாண வீடியோவுக்கு அப்படி ஒரு தியேட்டர் கிடையாது. அந்த வேலையைச் செய்தது, எடிட்டிங் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சாதாரண டிவிதான்.

கேசட் காலம்

1976-ல் ஜப்பானின் ஜேவிசி நிறுவனம் விஎச்எஸ் கேசட்டை அறிமுகப்படுத்தியது. அது நம் ஊர்களுக்கு வந்தபோது எடிட்டிங் என்பது இரண்டு டெக்குகளை இணைத்து, ஒன்றில் ஓடுவதை மற்றொன்றில் பதிவதுதான். நடுவில் ஒரு காட்சியின் நீளத்தை மாற்ற வேண்டும் என்றால், அதற்குப் பின்னால் உள்ளதையெல்லாம் மறுபடி பதிய வேண்டும். ஆனால் ஒரு வசதி இருந்தது. எடிட்டர் பார்த்ததும் டிவி, வீட்டார் பார்த்ததும் டிவி. இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

கம்ப்யூட்டர் வந்தது

1989-ல் ஏவிட், 1991-ல் அடோபி பிரீமியர் ஆகியவை வந்தன. கமல்ஹாசனின் 'மகாநதி' (1994) ஏவிட்டைப் பயன்படுத்திய படம். 1995-ல் டிவி (டிஜிட்டல் வீடியோ) டேப் வந்தபின் சிறிய ஸ்டுடியோக்களுக்கும் இது எட்டியது. ஃபயர்வயர் கேபிளில் கேமராவை இணைத்தால் போதும்; ஒரு மணி நேர வீடியோ சுமார் 13 ஜிபி இடம் பிடிக்கும். எந்தக் காட்சியையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஆனால் இப்போது எடிட்டர் பார்ப்பது மானிட்டர், வீட்டார் பார்ப்பது டிவி.

இரண்டும் ஒன்றல்ல

மானிட்டர் ஒரு படத்தை முழுதாகக் காட்டும். பழைய பிக்சர் டியூப் டிவியோ, நம் நாட்டு பால் முறைப்படி, ஒற்றைப்படை வரிகளை ஒருமுறை, இரட்டைப்படை வரிகளை மறுமுறை என நொடிக்கு 50 தடவை வரையும். இந்த வரிசை மாறிப்போனால் மானிட்டரில் பெரும்பாலும் தெரியாது. டிவியில் மணப்பெண் நடந்து வரும்போது படம் முன்னும் பின்னும் துடிக்கும்.

அடுத்தது ஓரம். டிவியின் சட்டம் படத்தின் நான்கு பக்கமும் கொஞ்சம் மறைத்துவிடும். மானிட்டரில் அழகாக ஓரத்தில் இருந்த மணமக்களின் பெயர், டிவியில் முதல் எழுத்து இல்லாமல் வரும். அதனால்தான் எழுத்துகளை ஒவ்வொரு பக்கமும் 10 சதவீதம் விட்டு உள்ளே வைக்க வேண்டும் என்ற விதி உருவானது. மெல்லிய ஜரிகைக் கோடு மினுங்கும், பட்டுப்புடவையின் சிவப்பு பக்கத்தில் கசியும். இவையும் டிவியில் பார்த்தால்தான் தெரியும்.

இதற்கு வழி எளிது. கம்ப்யூட்டரிலிருந்து ஃபயர்வயர் வழியாகக் கேமராவுக்கு, கேமராவிலிருந்து மஞ்சள் ஏவி கேபிளில் டிவிக்கு. மேட்ராக்ஸ், பினாக்கிள், கனோபஸ் கார்டுகளில் டிவிக்கு நேரடி இணைப்பும் உண்டு. கேமரா வழியாகப் போகும்போது படம் சற்றுத் தாமதமாக வரும். ஆகவே சத்தத்தையும் டிவியிலேயே கேட்க வேண்டும். இல்லாவிட்டால் கெட்டிமேளம் முன்னால் போகும், தாலி பின்னால் கட்டப்படும்!

பார்ப்பவர் யார்?

2006 செப்டம்பரில் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. 14 அங்குலப் பெட்டிகள் ஏழை வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தன. கல்யாணத்துக்கு வர முடியாத பாட்டி அந்தச் சின்னத் திரையில்தான் பேத்தியின் கல்யாணத்தைப் பார்த்தார். அந்தக் கல்யாணம் இன்னொரு முறை நடக்காது. பெயர் வெட்டுப்பட்டால் வெட்டுப்பட்டதுதான். விலை உயர்ந்த மானிட்டரில் நன்றாக இருந்தது என்று சொல்லி அவரைச் சமாதானப்படுத்த முடியாது.

இன்று பிக்சர் டியூப் டிவிகள் போய்விட்டன. எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்தால் மானிட்டரும் டிவியும் ஏறக்குறைய ஒன்றுபோலவே காட்டும். ஆனால் கல்யாண வீடியோவைப் பலர் இப்போது செல்போனில், செங்குத்தாகப் பிடித்துப் பார்க்கிறார்கள். எடிட்டரும் முடித்ததை முதலில் தன் செல்போனுக்கு அனுப்பிப் பார்த்துக்கொள்கிறார். கருவி மாறினாலும் பாடம் மாறவில்லை. செய்பவரின் திரையில் அல்ல, பார்ப்பவரின் திரையில்தான் வேலை முடிகிறது.