ஒரே கோரில் இரண்டு குடித்தனம்

2005 மே மாதம் ஒட்டாவாவில் நடந்த பிஎஸ்டிகேன் மாநாட்டில் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் காலின் பெர்சிவல் ஓர் ஆய்வை முன்வைத்தார். இன்டெல் 2002-இல் சந்தைக்குக் கொண்டுவந்த ஹைப்பர்த்ரெடிங் நுட்பத்தில் ஒரே கோர் ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைச் செய்யும். கேஷ் நினைவகம் இரண்டுக்கும் பொது. அந்தக் கேஷ் எவ்வளவு வேகமாகப் பதில் தருகிறது என்று அளந்தே, பக்கத்தில் ஓடும் நிரலின் ஆர்எஸ்ஏ சாவியைத் திருட முடியும் என்று அவர் காட்டினார். ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் உடனே ஹைப்பர்த்ரெடிங்கை அணைத்து வைத்தது. மற்றவர்கள் பெரும்பாலும் அந்த வழியில் போகவில்லை.

பிறகு கிளவுட் வந்தது. ஒரு சர்வருக்குள் ஒருவரையொருவர் அறியாத நிறுவனங்களின் மெய்நிகர் கணினிகள் ஒண்டுக்குடித்தனம் நடத்தத் தொடங்கின, நடுச்சுவர் ஹைப்பர்வைசர்.

2018 ஜனவரி 3 அன்று மெல்ட்டவுன், ஸ்பெக்டர் ஓட்டைகள் உலகத்துக்குத் தெரிந்தன. அதே நாளில் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொன்றை இன்டெலுக்குத் தெரிவித்தார்கள். அதைத் துருவியபோது இன்டெலே அதன் மோசமான வடிவத்தைக் கண்டுபிடித்தது. ஆகஸ்ட் 14-இல் வெளியான அதன் பெயர் எல்1டிஎஃப். நினைவகப் பக்கம் இல்லை என்று பக்க அட்டவணை சொன்னாலும், செயலி அதைச் சரிபார்த்து முடிப்பதற்குள் அங்கே எழுதியுள்ள முகவரியை ஊகமாகப் பயன்படுத்திவிடும். ஒரு மெய்நிகர் கணினி அங்கே எந்த முகவரியை எழுதினாலும் செயலி அதை சர்வரின் உண்மையான முகவரியாகவே எடுத்துக்கொள்ளும். கோருக்கு மிக நெருக்கமான எல்1 கேஷில் யாருடைய தரவு கிடந்தாலும் படித்துவிடலாம்.

லினக்ஸின் ஹைப்பர்வைசரான கேவிஎம், மெய்நிகர் கணினிக்குள் நுழையும்போது எல்1 கேஷைத் துடைக்க ஓர் அமைப்பைத் தந்தது: ஒருபோதும் வேண்டாம், தேவைப்பட்டால், எப்போதும் என மூன்று நிலைகள். ஆனால் ஹைப்பர்த்ரெடிங் இயங்கினால், துடைத்த கேஷை அதே கோரின் மறுபாதி உடனே நிரப்பிவிடும். எனவே மறுபாதியை யாருக்குக் கொடுப்பது என்பதுதான் உண்மையான கேள்வி.

இஎஸ்எக்ஸ்ஐ ஹைப்பர்வைசரைத் தரும் விஎம்வேர் அதற்கு ஹைப்பர்த்ரெடிங்மிட்டிகேஷன் என்ற அமைப்பைக் கொடுத்தது. அதன்படி ஒரு கோரில் ஒரே நேரத்தில் ஒரு வேலை (த்ரெட்) மட்டும் ஓடும். ஆனால் அதை அணைத்த நிலையிலேயே அனுப்பியது. ஏற்கெனவே நிரம்பி வழியும் சர்வர் திடீரென்று திணறும் என்ற கவலை நியாயமானதுதான். பாதிக்கப்படக்கூடிய வாடகைதாரருக்கோ அந்த அமைப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கும் வழிகூட இல்லை. இந்த வரலாற்றில் மிகவும் உறுத்துவது இதுதான். ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளமோ அதற்கு முன்பே, 2018 ஜூனில், ஹைப்பர்த்ரெடிங்கை இயல்பாக அணைத்துவிட்டது.

நடுவழி, ஒரு கோரின் இரு பாதிகளையும் ஒரே மெய்நிகர் கணினிக்கே ஒதுக்குவது. மைக்ரோசாஃப்ட்டின் ஹைப்பர்-வி விண்டோஸ் சர்வர் 2019-இல் இதை இயல்பாக்கியது. 2019-ஆம் ஆண்டில் விஎம்வேரின் இஎஸ்எக்ஸ்ஐ 6.7-இன் இரண்டாம் அப்டேட்டும், டிசம்பரில் சென் ஹைப்பர்வைசரின் 4.13 பதிப்பும் இதற்கு வழிசெய்தன. லினக்ஸ் கர்னலுக்கு இது 2021-இல், 5.14 பதிப்பில்தான் வந்தது. அங்கேயும் யாரும் கேட்காமல் அது இயங்காது; எந்த நிரல்கள் ஒரே கோரைப் பகிரலாம் என்று சர்வரை நடத்துபவர்தான் குறியிட்டுச் சொல்ல வேண்டும்.